பியேல் குடிக்காத தண்ணீர்

அடுத்த அறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

நியாதோர் சோளம் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை மடியில் நிறுத்திக்கொண்டு காதைத் தீட்டினாள். தண்ணீர் குடிக்கும் ஓசை அவளுக்குத் தெரியாததா? டீக்கடை போட்டுப் பிழைப்பவள் அவள். தொண்டைக்குள் இறங்கும் ஓசை இப்படி இருக்காது. யாரோ ஒருவர், சத்தம் வந்துவிடக் கூடாதே என்ற கவனத்தோடு, மண் தரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைச் சரிக்கிறார்.

வெளியறையில் பியேல் மட்டும்தான் இருந்தான். மகள் நியாமல் அவனுக்குச் சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொடுத்துவிட்டு, அடுப்புக்குக் கரி வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள்.

இரண்டு அறைக்கும் நடுவில் தொங்கிய சாக்குத் திரையை ஒரு விரலால் விலக்கி நியாதோர் பார்த்தாள். சுவரோரம் தரை நனைந்திருந்தது. பியேல் காலால் பாயை இழுத்து அந்த ஈரத்தை மூடினான். குடுக்கையைக் கவிழ்த்து ஒரு தடவை உதறினான். பிறகு பழைய இடத்திலேயே உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையைப் போலக் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

நியாமல் கரிக்கூடையோடு உள்ளே வந்தாள்.

"குடிச்சிட்டீங்களா? இன்னும் கொஞ்சம் கொண்டு வரட்டுமா?"

"போதும் நியாமல். வயிறு நிறைஞ்சிருச்சு."

"தண்ணியிலயே வயித்தை நிரப்புற ஆளை இப்பத்தான் பாக்கறேன். சோத்துச் செலவில்லாத மாப்பிள்ளைன்னு சித்தப்பா ரெண்டு மாட்டைக் குறைச்சுக்கப் போறாரு."

பியேல் சிரித்தான். அந்தச் சிரிப்பும் சத்தம் வராமல் கொட்டிய தண்ணீர் மாதிரியே நியாதோர் காதில் விழுந்தது.

அவள் திரையை விட்டாள். இன்று சாயங்காலம் கொழுந்தன் லாம் வந்து பெண்ணுக்கு மாப்பிள்ளை தர வேண்டிய மாடு பேசி முடிப்பதாக ஏற்பாடு. பேச்சு முடிந்துவிட்டால் நியாமல் இவனுக்கு. அதற்குப் பிறகு எதைக் கண்டுபிடித்தாலும் பயன் இல்லை. தன் வயிற்றில் பிறந்ததில் மிஞ்சியிருக்கும் ஒரே பெண்ணை, கொடுத்த தண்ணீரைத் திருட்டுத்தனமாய்த் தரையில் கொட்டுகிறவன் கையில் பிடித்துக் கொடுப்பதா?

சதுப்பு சூழ்ந்த பென்டியு ஊரில் நியாதோரைத் தெரியாதவர்கள் குறைவு. சந்தை முனையில், கரைமேட்டுக்குப் போகும் வழியில், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கரியடுப்பு, இஞ்சி வாசனை. அதுதான் அவள் கடை. முகம் கொஞ்சம் இறுகியிருக்கும். கடன் சொல்பவனையும் காசு நீட்டுபவனையும் ஒரே மாதிரிதான் பார்ப்பாள். "நியாதோர் அக்கா கண்ணுல ஆயுதச் சோதனைக்காரன் உட்கார்ந்திருக்கான்" என்று டீ குடிக்க வரும் பையன்கள் கேலி செய்வார்கள்.

பிறக்கும்போதே யாருக்கும் அந்தக் கண் வந்துவிடுவதில்லை. பதினெட்டு வயதில், கன்றுகளுக்கு நடுவே சாணம் அள்ளிக்கொண்டிருந்தவளை, கோவாங் என்ற நெட்டை மனிதன் மாடு கொடுத்துக் கட்டிக்கொண்டு போனான். கோவாங்குக்குக் கருப்பு உடம்பும் வெள்ளைக் கழுத்துமாக ஒரு காளை இருந்தது. எங்கள் ஆட்களுக்கு அப்பன் வைத்த பெயரை விடக் காளையின் பெயர்தான் உயிர். சந்தோஷத்திலும் அதைத்தான் கூவுவார்கள், ஈட்டி பாய்ந்து விழும்போதும் அதைத்தான் கூவுவார்கள். கோவாங்கின் கூவல் "வெண்கழுத்தா." மனைவியைக் கொஞ்சும்போதுகூட அவன் தன்னை வெண்கழுத்தன் என்றுதான் சொல்லிக்கொள்வான். வெட்கத்தில் அவள் முகத்தை மூடிக்கொள்வாள்.

பெரிய சண்டை ஓய்ந்து, நாடு பிரியப் போகிறது என்று எல்லோரும் ஆடிப் பாடிய காலத்தில் மகள் பிறந்தாள். சமாதானத்தில் வந்தவள் என்று நியாமல் எனப் பெயர் வைத்தார்கள். கோவாங் மாடுகளுக்கு ஊசி போடும் வேலை கற்றுக்கொண்டான். மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எந்த ஆள் மாடு, எந்தக் கட்சி மாடு என்று பார்க்காமல் ஊர் ஊராகப் போவான். "மாட்டுக்கு ஏது கட்சி?" என்பான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அப்போது சிரிக்க முடிந்தது.

சமாதானத்துக்கு வைத்த பெயர் பெண்ணிடம் தங்கிவிட்டது, சமாதானம் தங்கவில்லை. புதுக்கொடி ஏற்றி மூன்று வருடம்கூடச் சரியாகப் போகவில்லை. தலைநகரத்தில் வெடித்தது எங்கள் சதுப்புக்கும் வந்து சேர்ந்தது. முதலில் வேறு மொழிக்காரனோடு சண்டை என்றார்கள். பிறகு ஒரே மொழி பேசுபவர்களே இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அரசாங்கத்தோடும் மறு பாதி எதிர்த்தும் நின்றது. ஒரு விடியற்காலை, துவோங் ஓடைத் துறையில் கோவாங்கைச் சுட்டார்கள். கோரைக்குள் ஒளிந்திருந்த ஒரு ஆள்தான் வந்து சொன்னான். பனிமூட்டத்தில் சுட்டவன் முகம் அவனுக்குத் தெரியவில்லை. கூவல் மட்டும் கேட்டதாம். "வெண்கழுத்தா."

நியாதோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சதுப்புக்குள் ஓடினாள். அல்லிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். நியாமலுக்குப் பின் பிறந்த சின்னவன் பிழைக்கவில்லை. அவனைப் புதைக்கக் காய்ந்த மண் கிடைக்காமல் ஒரு பகல் முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டே நடந்தாள். அந்த நடையை அவள் யாரிடமும் பேசியதில்லை. பிறகு முகாம், முள்வேலி, தகரத்தட்டில் வரிசை, கடைசியில் இந்த டீக்கடை.

கடை போட்ட பிறகுதான் அவள் மனிதர்களை நம்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். எங்கள் வழக்கத்தில் கொன்றவனும், கொல்லப்பட்டவன் வீட்டு ஆட்களும் ஒரே பாத்திரத்தில் வாய் வைக்கக் கூடாது. வைத்தால் ரத்தத் தீட்டு, வீட்டோடு சாவு. மூன்றாம் மனிதர் வீட்டுப் பாத்திரமானாலும் அப்படித்தான். மண்ணுக்குப் பூசை செய்கிறவர் வந்து, கொன்றவன் கையைக் கீறி ரத்தம் விட்டு, இறந்தவன் பெயரில் ஒருத்தியைக் கட்டிவைத்து வாரிசு உண்டாக்க மாடு வாங்கிக் கொடுத்துப் பலி போட்டால்தான் தீட்டு போகும். அந்த நாளில் இது பத்து வீடு, இருபது வீட்டுப் பிரச்சினை. இந்தச் சண்டைக்குப் பிறகு யாருக்கு யாரோடு ரத்தம் என்று யார் கணக்கு வைப்பது? ஆனாலும் அவள் கடையில் சிலர் ஓர் ஆள் வந்து உட்கார்ந்ததும் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போவார்கள். சிலர் சட்டைக்குள்ளிருந்து சொந்த டம்ளரை எடுப்பார்கள். நியாதோர் எதுவும் கேட்பதில்லை. பார்த்துக்கொள்வாள்.

பியேல் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வெள்ளம் ஊரைச் சுற்றி வளைத்த வருடம் கரைமேட்டில் மண் அடிக்க வந்தவன். ஒரு காலத்தில் அரசாங்கப் பக்கம் துப்பாக்கி தூக்கியவன் என்று அவனே சொல்லியிருந்தான். தூக்காதவன் யார்? சேறு பூசிய காலோடு வந்து அவள் டம்ளரில்தான் டீ குடித்தான். ஒன்று போதாது, இரண்டு கேட்பான். நியாமல் சர்க்கரை போடும் கையைப் பார்த்துக்கொண்டே குடிப்பான். நியாதோர் கவனித்தாள். அவளும் ஒரு காலத்தில் சாணக்கூடைக்குப் பின்னால் நின்று ஒரு நெட்டை மனிதனைப் பார்த்தவள்தானே.

பியேல் பெண் கேட்டுவிட்ட செய்தியை லாம் வந்து சொன்னபோது அவளுக்கு மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. கோவாங்கின் தம்பி லாம் சத்தமான மனிதன். அண்ணனுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு அவன்தான் ஆண் துணை. துப்பாக்கியைச் சமாதானக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அது அவன் வீட்டுக் கூரைப் புல்லுக்குள் இருப்பது நியாதோருக்குத் தெரியும்.

பெண் கேட்ட பிறகு பியேல் டீ குடிப்பதை நிறுத்திவிட்டான். வீட்டுக்கு வருவான், சோள மூட்டை கொண்டு வருவான், மழைக்கு முன் கூரை மேல் ஷீட் கட்டிக் கொடுப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்துவிடுவான்.

"அண்ணி, அதுதான் மரியாதை" என்று லாம் தொடையில் தட்டிச் சொன்னான். "மாமியார் முன்னாடி வாயைத் திறந்து தின்னா அவன் மாப்பிள்ளையா, கழுதையா? நான் கட்டறப்ப மூணு மாசம் மாமியார் வீட்டுப் பக்கம் எச்சில்கூட விழுங்கல."

"அதான் கல்யாணம் முடிஞ்சதும் சேத்துவச்சுத் தின்னீங்களாக்கும்" என்றாள் நியாமல்.

"வாயைப் பாரு. இவளுக்கு மாடு கேக்கறதா, இவளைக் கூட்டிட்டுப் போறதுக்கு நாம குடுக்கறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம் அப்படித்தான். பெண் எடுக்கப் போகிறவன் பெண்ணின் தாயார் பார்க்கச் சாப்பிடக் கூச்சப்படுவான். அதைப் பார்த்துத் தாய்க்குப் பெருமையாக இருக்கும். நியாதோரும் பெருமைப்படத்தான் பார்த்தாள். ஆனால் அந்தக் கண் விடுமா?

கூச்சம் சோற்றுக்குத்தானே? தண்ணீருக்குமா? மாமியார் எதிரே இல்லாதபோதும் கூச்சமா? கடைக்கு எதிரில் இன்னொருத்தியிடம் டீ வாங்கிக் குடிக்கிறானே, அங்கே போன கூச்சம் எங்கே? ஒருவேளை விஷம் வைப்பாள் என்று பயப்படுகிறானோ? அப்படிப் பயப்படும் அளவுக்கு இவனுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? வேறு பெண்டாட்டி இருக்கிறாளோ? லாமின் துப்பாக்கியை மோப்பம் பிடிக்க யாராவது அனுப்பியிருக்கிறார்களோ? கூரை கட்டும்போது ஏறி நின்றவன் கையைத் தோள் வரைக்கும் அவள் உற்றுப் பார்த்திருக்கிறாள். கீறிய தழும்பு இல்லை. ஆளைக் கொன்றவன் இல்லை என்று அன்று மூச்சு விட்டாள்.

இன்று, ஈரத்தின் மேல் பாயை இழுத்த அந்தக் காலைப் பார்த்த பிறகு, அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து யோசித்தாள். கடைசியாக இவன் தன் டம்ளரில் வாய் வைத்தது எப்போது?

மீன்காரர்கள் வலை மாற்றும் பருவம் அது. சமாதானக் குழு தேவாலய மரத்தடியில் கூட்டம் போட்டது. வெள்ளைக் காளையை வெட்டினார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். விதவைகள் ஒவ்வொருவராக எழுந்து செத்தவர்கள் பெயரைச் சொல்லலாம், கொன்றவர்கள் பெயரை யாரும் கேட்கக் கூடாது என்பது கூட்டத்தின் கட்டளை. கேட்காத பெயர் எங்கே போய்விடும்? சந்தையில் நடமாடும், வரிசையில் நிற்கும், டீ குடிக்கும் என்று அன்றே நியாதோர் நினைத்தாள். இருந்தாலும் எழுந்து நின்று சொன்னாள். "என் புருஷன் கோவாங். துவோங் ஓடைத் துறையில, கையில ஈட்டிகூட இல்லாம, தலையில மருந்துப் பெட்டியோட போனவர். விழறப்ப வெண்கழுத்தான்னு காளை பேரைக் கூவிட்டு விழுந்தவர்." அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்தாள்.

அன்று காலையில் பியேல் இரண்டு டம்ளர் குடித்தான். அவளுக்கு நன்றாக நினைவு இருந்தது. கூட்டம் முடிந்து சாயங்காலம் நியாமல் டீ நீட்டியபோது வயிற்றுவலி என்றான். லாம் வந்து பெண் கேட்ட செய்தியைச் சொன்னதோ அதற்கும் பிறகு.

மாப்பிள்ளைக் கூச்சம் அவனைப் பிடிப்பதற்கு முன்பே வேறு ஏதோ பிடித்திருக்கிறது.

அவன் அவள் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்த, கூட்டத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் அவள் காய்ச்சலில் கிடந்து செத்துப் பிழைத்ததும், அதே வாரம் பியேல் கரைமேட்டில் மயங்கி விழுந்ததும் இப்போது கை கோத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றன.

அவள் எழுந்தாள். முந்தானைத் துணியை இறுக்கித் தோளில் முடிந்துகொண்டு திரையை விலக்கினாள்.

"நியாமல், உள்ள போய்ச் சோளத்தைப் புடை. நான் கூப்பிடற வரைக்கும் வெளிய வராதே."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கேலி பேச வாய் எடுத்தவள், கரிக்கூடையை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நியாதோர் பானையில் குடுக்கையை முக்கி எடுத்தாள். பியேல் பார்த்துக்கொண்டிருக்கவே பாதியைக் குடித்தாள். மீதியை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினாள்.

"குடி."

"இப்பத்தான் குடிச்சேன் அத்தை."

"பாய் குடிச்சுது. நீ குடி."

பியேலின் பார்வை சுவரோரத்துக்குப் போய்த் திரும்பியது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. வெயிலில் கரைமேட்டிலிருந்து நடந்து வந்தவன். தாகம் இல்லை என்று சொல்லக்கூட அவனால் முடியவில்லை.

"அத்தை முன்னாடி எப்படி..."

"மரியாதையை நான் மன்னிச்சிட்டேன். இந்தா, திரும்பி நிக்கறேன். ஒரே ஒரு மடக்கு குடி. குடிச்சிட்டா லாம் வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், பொண்ணு உன்னோடதுன்னு. மாடு குறைஞ்சாலும் சரி."

குடுக்கையை அவன் கையில் திணித்துவிட்டு அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கண்ணை மூடினாள். எந்தத் தாயாவது இப்படி வேண்டிக்கொண்டிருப்பாளா? குடித்துவிடு. என் சந்தேகம் பொய்யாகட்டும். நான் கிறுக்குப் பிடித்தவள் என்று ஊர் சிரிக்கட்டும். ஒரு மடக்கு, ஒரே ஒரு மடக்கு விழுங்கும் சத்தம் கேட்டால் போதும்.

உள்ளறையில் முறத்தின் ஓசைகூட நின்றிருந்தது.

குடுக்கை தரையில் மெதுவாக வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு, அடக்கி அடக்கி ஓர் ஆண் அழும் சத்தம்.

நியாதோர் திரும்பினாள்.

"துவோங் ஓடையா?"

"ஆமா."

"உங்க கூட்டத்துல ஒருத்தனா, நீயா?"

"நான்தான்." பியேல் தலையைத் தூக்கவில்லை. "பனியில தலையில பெட்டியோட ஒரு ஆள் வந்தாரு. தோட்டாப் பெட்டின்னு நெனச்சேன். எனக்கு முதல் சண்டை. அவரு கூவினதும் ஓடிப்போய்ப் பாத்தேன். பெட்டிக்குள்ள மாட்டு ஊசி."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் அந்தப் பனிமூட்டத்துக்குள் முகமில்லாமல் நின்றவனுக்கு இப்போது முகம் வந்துவிட்டது. வீட்டுக் கூரையைக் கட்டிக் கொடுத்தவன் முகம்.

"கையைக் கீறிக்கலையே நீ. நான் பாத்தேன்."

"பூசாரிகிட்ட போறேன்னு தளபதிகிட்ட கேட்டேன். சிரிச்சாரு. துப்பாக்கியில செத்தவன் ரத்தம் யாரு மேலயும் ஒட்டாது, அது அரசாங்கத்தோட சாவு, போய்ச் சாப்பிடுன்னாரு. எல்லாரும் சாப்பிட்டாங்க. நானும் நம்பினேன். நம்பித்தான் ஊர் ஊரா எல்லார் பாத்திரத்துலயும் குடிச்சேன். உங்க கடையிலயும் குடிச்சேன். அன்னிக்கு மரத்தடியில நீங்க காளை பேரைச் சொன்னீங்க..."

"தளபதி சொன்னதை நம்பறவன் இந்தத் தண்ணியைக் குடிக்க வேண்டியதுதானே?"

"எனக்குச் சாவு வந்தா வரட்டும் அத்தை. உங்களுக்கு வந்துட்டா? அவளுக்கு வந்துட்டா?"

"அத்தைன்னு கூப்பிடாதே."

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"தெரிஞ்ச பிறகும் ஏன் இந்த வாசல்ல ஏறினே?"

"சொல்லத்தான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் வருவேன். அவ தண்ணியோட வந்து எதிர்ல நிப்பா. நாக்கு ஒட்டிக்கும். விட மனசு வராம லாம்கிட்ட பொண்ணும் கேட்டுட்டேன்."

"இன்னிக்கு நான் இந்தச் சத்தத்தைக் கேக்கலைன்னா? லாமோட உட்காந்து மாடு பேசியிருப்பியா, மாட்டியா?"

பியேல் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததைத்தான் நியாதோர் நம்பினாள். இல்லை என்று சத்தியம் செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

தெருவில் லாமின் சிரிப்பு கேட்டது. அடுத்த வீட்டுக்காரனிடம் ஏதோ உரக்கப் பேசிக்கொண்டே வந்துகொண்டிருந்தான்.

பியேல் எழுந்து நின்றான். ஓடுகிறவன் மாதிரி நிற்கவில்லை. சாக வேண்டுமானால் இங்கேயே சாகிறேன் என்பவன் மாதிரி கைகளைத் தொங்கவிட்டு நின்றான். ஒரு வார்த்தை போதும். லாம் வீட்டுக்கு ஓட வேண்டியது, கூரைப் புல்லுக்குள் கை விட வேண்டியது. இருட்டுவதற்குள் பியேலின் ஆட்கள் வருவார்கள், நாளைக்குச் சந்தை எரியும், வெள்ளைக் காளையின் எலும்பு இன்னும் மரத்தடியில்தான் கிடக்கிறது. நியாமலின் கதி? இடுப்பளவுத் தண்ணீரில் மறுபடியும் ஒரு நடை?

கோவாங், நீ இருந்தால் என்ன செய்வாய் என்று அவள் கேட்டாள். மாட்டுக்கு ஏது கட்சி என்று சொன்ன அந்த அசட்டுச் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது.

"கேளு" என்றாள், தாழ்ந்த குரலில், வேகமாக. "இங்கேருந்து நேரா மண் பூசாரி வீட்டுக்குப் போ. வழியில யாரோடயும் நிக்காதே. அவரு வேலிக்குள்ள போயிட்டா உன்னை ஒருத்தரும் தொட முடியாது. கையைக் கீறிக்க. நீ போய்ச் சேர்ற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். சேத்து வச்சிருக்கியே மாடு..."

"எல்லாம் இருக்கு."

"அத்தனையும் ஓட்டிட்டு வா. கல்யாணத்துக்கு இல்ல. கோவாங்குக்கு. அவரு பேருக்கு ஒருத்தியைக் கட்டி வச்சு, அவரு பேரைச் சொல்ல ஒரு ஆம்பளைப் பிள்ளை பிறக்கணும்."

"அப்ப நியாமல்?"

"ரத்தத்துக்கு மாடு ஏறின வீட்டுல, பொண்ணுக்கு அதே கையிலேருந்து மாடு ஏறாது. உனக்கே தெரியும்."

திரைக்குப் பின்னால் ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. வெளியே வரவில்லை.

தகரக் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு லாம் வந்தான்.

"என்ன, மாமியாரும் மருமகனும் ஆளுக்கொரு சுவத்தைத் தாங்கிட்டு நிக்கறீங்க? வீடு விழுந்துருமா?" என்றவன் தரையில் இருந்த குடுக்கையைப் பார்த்தான். "மாப்பிள்ளைக்கு வச்ச தண்ணியா? இன்னுமா குடிக்கல? நல்லது, எனக்குத் தாகம் உயிர் போகுது."

பியேலின் கை தன்னை அறியாமல் நீண்டது. லாம் குடுக்கையை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தான். தான் மட்டுமே வாய் வைத்த தண்ணீர் அது என்று நியாதோருக்குத் தெரிந்திருந்தும், காலிக் குடுக்கையை அவன் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

லாம் உதட்டைத் துடைத்துக்கொண்டான். "பாய் ஏன் நனைஞ்சிருக்கு?"

"குடுக்கை சாஞ்சிருச்சு."

"சரி, உக்காருங்க மாப்பிள்ளை. எங்க கிளம்பற மாதிரி நிக்கறீங்க? மாடு பேசணுமே."

"பூசாரியைப் பாத்துட்டு வரப் போறாரு" என்றாள் நியாதோர். "மாட்டுப் பேச்சு அவரு முன்னாடி நடக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

லாம் புருவத்தைச் சுருக்கினான். "அவரு எதுக்கு அண்ணி? ரத்தப் பேச்சுக்குத்தான் அவரு. பொண்ணு பேச்சுக்கு நான் போதாதா?"

"இந்தக் காலத்துல எந்தப் பேச்சு எதுல போய் முடியும்னு யாருக்குத் தெரியும்? சாட்சிக்கு ஒரு பெரிய மனுஷர் இருக்கட்டும்."

லாம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு கணம் அவன் கண்ணிலும் ஏதோ ஓடியது. பிறகு தலையை ஆட்டிச் சிரித்தான்.

"பாத்தீங்களா மாப்பிள்ளை? எங்க அண்ணி கடவுள் வந்தாக்கூட டம்ளரைக் கழுவிட்டுத்தான் குடுப்பாங்க. யாரையும் நம்ப மாட்டாங்க. போய்ட்டு சீக்கிரம் வாங்க."

"களி கிண்டி வச்சிருக்கேன், மீன் குழம்பும் இருக்கு. சாப்பிட உக்காருங்க" என்றாள் நியாதோர் லாமிடம். "அவரு வர்றதுக்கு நேரமாகும்."

லாம் பாயின் நனையாத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தான். நியாதோர் தட்டை நிறைத்து அவன் முன்னால் வைத்தாள். இரண்டு ஆள் சாப்பிடும் அளவு.

பியேல் வாசலுக்குப் போனான். திரை விலகி நியாமல் வந்தாள். கண் சிவந்திருந்தது. புடைத்த சோளத்தின் உமி தலையிலும் புருவத்திலும் ஒட்டியிருந்ததால் கிழவி மாதிரி இருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று பியேல் நின்றான். போய்ட்டு வாங்க என்று சொல்வதுதான் முறை. வாங்க என்று அவள் எப்படிச் சொல்வாள்?

"பாத்துப் போங்க" என்றாள்.

அவன் தலையைக் குனிந்து வாசலைத் தாண்டினான். வெயில் அவன் முதுகில் விழுந்தது. பூசாரி வீடு இருக்கும் மேட்டுப் பக்கமாகத்தான் திரும்பினான். அதை நியாதோர் எட்டிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

"கதவை எதுக்குடி சாத்தற? காத்து வரட்டும்" என்றான் லாம், வாயில் களியோடு.

நியாமல் எண்ணெய் டின்களைத் தட்டிச் செய்த அந்தக் கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.